பெர்கன்-ஹோனே பாசறை: எழுபது ஆண்டுகள் பிரித்தானியப் படை இருந்த இடத்தின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

மருதன் (இழையைத் தொடங்கியவர்)

ஜெர்மனியில் பிரித்தானியத் தரைப்படை தங்கியிருந்த பாசறைகளைப் பற்றி இந்த மன்றத்தில் அவ்வப்போது துண்டு துண்டாகப் பேசியிருக்கிறோம். ஒரே ஒரு பாசறையை எடுத்துக்கொண்டு அதை முழுமையாகப் பேசிப் பார்க்கலாம் என்பதற்காகவே இந்த இழை. நான் தேர்ந்தெடுத்தது பெர்கன்-ஹோனே. லோயர் சாக்சனி மாநிலத்தில், செல்லெ நகருக்கு வடக்கே, லூனபர்க் புதர்வெளியின் தென்பகுதியில் இது உள்ளது. இதனோடு சேர்ந்த பயிற்சிக் களத்தின் பரப்பு 284 சதுர கிலோமீட்டர்.

1945 ஏப்ரலில் பிரித்தானியர் கையில் வந்த இந்தப் பாசறை 2015இல்தான் அவர்கள் கையை விட்டுப் போனது. 1950களின் இறுதியில் பயிற்சிக் களம் ஜெர்மானியப் படையின் நிர்வாகத்துக்கு மாறி, நேட்டோ நாடுகள் பலவற்றுக்கும் பொதுவாயிற்று. பாசறையில் பிரித்தானியர் தொடர்ந்தனர். 22ஆம் கவசப் படையணியின் தலைமையகம் இங்கே இருந்தது. பனிப்போர் முடிந்த பிறகு, 'பாலைவன எலிகள்' என்று பெயர்பெற்ற 7ஆம் கவசப் படையணியின் தலைமையகம் சோல்டாவிலிருந்து இங்கே மாறியது.

என் கருத்து இதுதான். இதைப் 'பிரித்தானியப் பாசறை' என்று எழுதும்போது 1945க்கு முந்தைய காலத்தை ஒரு பத்தியில் முடித்துக்கொள்ள வேண்டும். அருகிலுள்ள பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குத் தனி நினைவகமும் தனி ஆய்வு மரபும் இருக்கின்றன. இரண்டையும் கலந்தால் படை வரலாறு காணாமல் போய்விடும். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வடபுலத்தான்

மருதன் அவர்களே, எடுத்துக்கொண்ட இடம் சரி, வகுத்துக்கொண்ட எல்லைதான் சரியில்லை. இந்தப் பாசறையை முதலில் கட்டியவர்கள் பிரித்தானியர் அல்லர். நாஜி ஜெர்மனியின் படையான வேர்மாஹ்ட், டாங்கிப் படையினரைப் பயிற்றுவிப்பதற்காக 1935இல் தொடங்கிக் கட்டிய வளாகம் இது. பயிற்சிக் களத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் காலி செய்யப்பட்டன; ஏறத்தாழ 3,600 பேர் தலைமுறை தலைமுறையாக உழுத நிலங்களை விட்டுப் போனார்கள். அந்த நிலம் இன்றுவரை எந்த ஊராட்சியிலும் சேரவில்லை. லோஹைட, ஓஸ்டர்ஹைட என்னும் இரு தனி மாவட்டப் பகுதிகளாக, நகராட்சி, ஊராட்சி எதுவும் இல்லாமல் கூட்டரசின் பொறுப்பிலேயே இருக்கிறது. 1935இல் எடுத்த முடிவின் தழும்பு இன்றைய நிர்வாக வரைபடத்திலும் தெரிகிறது என்றால், 1945இல் எப்படிக் கோடு போடுவது?

இன்னொன்று. பாசறையைக் கட்ட வந்த தொழிலாளர்கள் தங்குவதற்கு ஃபாலிங்போஸ்டலுக்கு அருகில் ஒன்றும் பெர்கனுக்கு அருகில் ஒன்றுமாக மரக்குடில்கள் போட்டார்கள். வேலை முடிந்தபின் வெறுமையாகக் கிடந்த அந்தக் குடில்களைப் போர் தொடங்கியதும் வேர்மாஹ்ட் போர்க்கைதிகளுக்கு ஒதுக்கியது. ஃபாலிங்போஸ்டல் குடில்கள் ஸ்டாலாக் 11பி என்னும் போர்க்கைதி முகாம் ஆயின. பெர்கன் குடில்களில் 1940இல் பெல்ஜிய, பிரெஞ்சுக் கைதிகளை அடைத்தார்கள். 1941இல் இடத்தை விரிவாக்கிச் சோவியத் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். 1943இல் அதன் ஒரு பகுதி, நாஜிக் கட்சியின் தனிப்படையான எஸ்.எஸ். கைக்குப் போய் வதைமுகாமாயிற்று. ஆகவே பாசறையும் முகாமும் தற்செயலாக அக்கம்பக்கத்தில் அமைந்தவை அல்ல. பாசறை கட்டப்படவில்லை என்றால் அந்தக் குடில்களே இருந்திருக்கா.

கயல்

ஓர் ஐயம். நான் பள்ளியில் படித்த வரையில் பெல்சன் என்றால் ஆன் ஃபிராங்க் இறந்த இடம், பிரித்தானியர் தீயிட்டுக் கொளுத்திய இடம். அப்படியானால் இந்தப் பாசறை அந்த முகாமுக்கு வெளியே இருந்ததா, உள்ளேயா? கைதிகள் யாராவது பாசறைக்குள் அடைக்கப்பட்டார்களா?

வடபுலத்தான்

கயல், நீங்கள் கேட்ட இடத்தில்தான் முடிச்சு இருக்கிறது. மரக்குடில்கள் இருந்த வதைமுகாமும் செங்கல் பாசறையும் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தவை. ஆன் ஃபிராங்கும் அவருடைய அக்காள் மார்கோட்டும் 1945இன் தொடக்கத்தில் இறந்தது அந்த மரக்குடில் முகாமில். ஆனால் 1945 ஏப்ரல் தொடக்கத்தில், போர்முனை நெருங்கியபோது, மிட்டல்பாவ்-டோரா முகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 15,000 கைதிகளை எஸ்.எஸ். கொண்டுவந்து சேர்த்தது. குடில்களில் இடமில்லாததால் அவர்களை வேர்மாஹ்ட் பாசறையின் கட்டடங்களிலேயே அடைத்தார்கள். பிரித்தானியர் வந்து பார்த்தபோது குடில்களுக்கு 'முகாம் 1' என்றும் பாசறைக்கு 'முகாம் 2' என்றும் பெயரிட்டார்கள். அதாவது பாசறையே சில நாட்களுக்கு வதைமுகாமின் ஒரு பகுதியாக இருந்தது.

விடுதலை நடந்த விதமும் விந்தையானது. முகாமில் டைஃபஸ் காய்ச்சல் பரவியிருந்தது. சண்டை நடந்தால் கைதிகள் சிதறி நோய் இரு படைகளுக்கும் பரவும் என்ற அச்சத்தில் ஜெர்மானிய அதிகாரிகளே பிரித்தானியரை அணுகி, சுற்றியுள்ள 48 சதுர கிலோமீட்டரைச் சண்டையில்லாப் பகுதியாக அறிவிக்க உடன்பாடு செய்துகொண்டார்கள். ஏப்ரல் 15 அன்று பிரித்தானியர் உள்ளே வந்தபோது, பாசறையிலிருந்த வேர்மாஹ்ட் வீரர்கள் கைது செய்யப்படவில்லை. உடன்பாட்டின்படி ஆறு நாட்களுக்குள் தங்கள் அணிக்குத் திரும்ப அவர்களை அனுமதித்தார்கள். காவலுக்கு இருந்த ஹங்கேரிய வீரர்களைப் பிரித்தானியர் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த நாளில் இரு முகாம்களிலுமாகச் சுமார் 60,000 பேர் உயிரோடு இருந்தார்கள். முகாம் 1இல் புதைக்கப்படாத பிணங்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

நிலவரையாள்

இருவர் பேசுவதிலும் நடுவில் ஒரு காலம் விழுங்கப்பட்டுவிட்டது. 1945க்குப் பிறகு ஐந்தாண்டுகள் இந்தப் பாசறையில் குடியிருந்த பெரும்பாலானோர் எந்தப் படையையும் சேர்ந்தவர்கள் அல்லர்.

பிரித்தானிய இராணுவ மருத்துவப் பிரிவின் பிரிகேடியர் கிளின் ஹியூஸ் முதலில் செய்த முடிவு, நோயாளிகளை முகாம் 1இலிருந்து வெளியே எடுத்துப் பாசறையை மருத்துவமனையாக்குவது. பாசறையின் குதிரைலாயங்களில் மேசைகள் போட்டு, ஜெர்மானியச் செவிலியர்களைக் கொண்டு ஒவ்வொருவரையும் குளிப்பாட்டி, பேன் நீக்கி, போர்வை சுற்றி உள்ளே அனுப்பினார்கள். டாங்கிப் பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் விருந்துண்ட வட்ட மண்டபத்திலும் படுக்கைகள் போடப்பட்டன. இலண்டனிலிருந்து மருத்துவ மாணவர்கள் ஏறத்தாழ நூறு பேர் வந்து பணி செய்தார்கள். ஆனாலும் விடுதலைக்குப் பிறகு மட்டும் 13,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மருத்துவமனையில் இறந்த ஆயிரக்கணக்கானோரின் கல்லறைகள் பாசறை எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. இடம் காலியாகக் காலியாக முகாம் 1இன் குடில்களை எரித்தார்கள். கடைசிக் குடில் மே 21 அன்று எரிந்தது.

இதைத்தான் மருதன் ஐயா கருத வேண்டும் என்பேன். நினைவகம் அமைந்துள்ள முகாம் 1இல் இன்று பார்க்கக் கிடைப்பவை புதைமேடுகளும் அடித்தளத் தடங்களும்தான். சுவர்களோடு நிற்பது பாசறை. நினைவு ஓரிடத்திலும் கட்டடம் வேறோரிடத்திலுமாகப் பிரிந்து போயின. 1952 நவம்பரில் குடியரசுத் தலைவர் தியோடோர் ஹாய்ஸ் நினைவுத் தூணருகே உரையாற்றியபோதும், 1966இல் முதல் ஆவணக் கூடம் திறந்தபோதும், 2007இல் இன்றைய பெரிய ஆவண மையம் வந்தபோதும் வேலிக்கு அப்பால் பாசறையில் படைகள் வழக்கம்போல் இயங்கிக்கொண்டுதான் இருந்தன.

மருத்துவமனைக் காலம் முடிந்ததும் பாசறை இடம்பெயர்ந்தோர் முகாமாயிற்று. போலந்துக்காரர்கள் 1946 வரை இருந்தார்கள். அதன்பின் அது முற்றிலும் யூதர்களின் முகாம். உச்ச காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுக்குத் தலைமை ஏற்றவர் அவுஷ்விட்சிலிருந்து மீண்ட யோசெஃப் ரோசன்சாஃப்ட். தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, பள்ளிகள், தொழிற்பயிற்சி, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் 'உன்செர் ஷ்டிமே' என்னும் செய்தித்தாள், சாமி ஃபேடர் நடத்திய நாடகக் குழு என்று ஒரு சிறுநகரத்துக்குரிய எல்லாம் அந்தப் படைக் கட்டடங்களில் இயங்கின. 1945 ஜூலையில் யெஹுதி மெனுஹினின் வயலினும் பெஞ்சமின் பிரிட்டனின் பியானோவும் அங்கே ஒலித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே பிறந்தார்கள். பலருடைய பிறப்புச் சான்றில் பெர்கன்-பெல்சன் என்று இருப்பதன் காரணம் இது.

பிரித்தானிய நிர்வாகம் இந்த முகாமுக்கு 'ஹோனே' என்ற பெயரைச் சூட்ட விரும்பியது. முகாமினர் ஒப்பவில்லை, தங்கள் அறிவிப்புகளிலும் கடிதங்களிலும் பெல்சன் என்றே எழுதினார்கள். பாலஸ்தீனத்துக்குக் குடியேற வாயில் திறக்கும்படி பிரித்தானிய அரசை நெருக்கிக்கொண்டிருந்த மக்களுக்கு உலகம் அறிந்த அந்தப் பெயர் ஓர் ஆயுதம். அதே காரணத்தால் அரசுக்கு அது தலைவலி. 1947இல் பாலஸ்தீனத்துக்கு 'எக்ஸோடஸ்' கப்பலில் வந்த யூதர்களைப் பிரித்தானியர் ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பியபோது இந்தப் பாசறை வளாகத்தில் பெரும் ஆர்ப்பாட்டம் நடந்தது. 1950இல்தான் முகாம் மூடப்பட்டு, எஞ்சியவர்கள் உப்யேவரிலிருந்த மற்றொரு முகாமுக்கு மாற்றப்பட்டார்கள்.

மருதன்

நிலவரையாள் அவர்களின் பதிவுக்கு நன்றி. ஆயினும் என் கேள்வி நிற்கிறது. 1950க்குப் பின் 65 ஆண்டுகள் அங்கே வாழ்ந்த வீரர்களின், அவர்தம் குடும்பங்களின் வரலாற்றை யார் எழுதுவது? பிரித்தானியர் அங்கே நிலைத்ததற்கு இராணுவக் காரணம் தெளிவானது. கிழக்கு ஜெர்மனியின் எல்லை அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. சோவியத் டாங்கிகள் வட ஜெர்மன் சமவெளி வழியாக வரும் என்று நேட்டோ எதிர்பார்த்தது. அந்தச் சமவெளியில் டாங்கிகள் உண்மையான குண்டுகளைக் கொண்டு நெடுந்தொலைவு சுட்டுப் பழகக்கூடிய களம் ஹோனேயைவிடப் பெரிதாக இல்லை. வெப்பமூட்டும் வசதியோடு கூடிய வலுவான கட்டடங்கள், டாங்கிக் கொட்டகைகள், தனி இரயில் பாதை எல்லாம் தயாராக இருந்தன. எந்தப் படைத்தலைவனும் இதை விட்டுவிட்டு வேறிடம் தேடமாட்டான்.

அந்தப் பாசறையைச் சுற்றி ஒரு சின்ன இங்கிலாந்தே உருவாயிற்று: பள்ளிகள், படையினருக்கான 'நாஃபி' கடைகள், திரையரங்கம், படை வானொலி. வேலைக்கு வந்த உள்ளூர் ஜெர்மானியர்களும் ஏராளம். களத்துக்கு வெளியே, விவசாய நிலங்களிலும் பயிற்சி செய்ய 1959இல் ஜெர்மனி, பிரிட்டன், கனடா மூன்றும் செய்துகொண்ட சோல்டாவ்-லூனபர்க் உடன்பாடு தனிக் கதை. உழுத வயலில் டாங்கி ஓடினால் எந்த விவசாயி பொறுப்பார்? தூசியும் இரைச்சலும் நட்டஈட்டுச் சண்டையுமாக முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடி, 1994இல் அந்த உடன்பாடு முடிவுக்கு வந்தது. 1990இல் வளைகுடாப் போருக்கு 7ஆம் கவசப் படையணி புறப்பட்டதும் இந்த வட்டாரத்திலிருந்துதான். இவற்றை எல்லாம் 'கொலைக்களத்துக்கு அடுத்து நடந்தவை' என்று ஒரு வரியில் தள்ளிவிடுவதும் அநீதிதான்.

கயல்

மருதன் ஐயா, தள்ளிவிடச் சொன்னவர் யாரும் இந்த இழையில் இல்லையே. சேர்த்தே எழுதச் சொல்கிறார்கள். எனக்கு வேறு ஒன்று புரியவில்லை. எஸ்.எஸ். செய்த குற்றத்துக்கு வேர்மாஹ்டின் பாசறையை ஏன் பொறுப்பாக்க வேண்டும்? 1945 செப்டம்பரில் லூனபர்க்கில் தொடங்கிய பெல்சன் வழக்கில் தண்டிக்கப்பட்ட முகாம் தலைவர் யோசெஃப் கிராமர் எஸ்.எஸ். ஆள்தானே?

வடபுலத்தான்

'குற்றம் எஸ்.எஸ். உடையது, படை தூய்மையானது' என்ற வாதத்தைப் போருக்குப் பின் ஜெர்மனியில் பல பத்தாண்டுகள் சொல்லிவந்தார்கள். இந்த இடத்தில் அந்த வாதம் நிற்காது. பெர்கனில் சோவியத் போர்க்கைதிகளை அடைத்தது எஸ்.எஸ். அன்று, வேர்மாஹ்ட். 1941 கோடையில் அவர்களைக் கொண்டுவந்தபோது போதிய குடில்களே இல்லை. மண்ணில் குழி தோண்டி, கிளைகளும் புல்லும் மூடி, அதற்குள் பனிக்காலத்தைக் கழித்தார்கள். பெர்கன், ஓயர்பெக, வீட்செண்டோர்ஃப் ஆகிய மூன்று முகாம்களிலும் 1942 மார்ச் முடிவதற்குள் பட்டினியாலும் குளிராலும் நோயாலும் இறந்தவர்கள் சுமார் 41,000 பேர். பெர்கன் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் 19,500க்கும் மேற்பட்ட சோவியத் கைதிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வதைமுகாமில் இறந்தவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்பதை உலகம் அறியும். அதற்கு முந்தைய இந்தச் சாவுகளை வெகுசிலரே அறிவார்கள்.

கயல் குறிப்பிட்ட வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 45 பேர்மீது வழக்கு நடந்து, 11 பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, அது டிசம்பரில் ஹாமெல்ன் சிறையில் நிறைவேற்றப்பட்டது. அந்தக் குற்றப் பட்டியலில் சோவியத் கைதிகள் குழிகளில் மடிந்த விவகாரம் இடம்பெறவில்லை. வழக்கு பெல்சன், அவுஷ்விட்ஸ் வதைமுகாம்களைப் பற்றியது. படையின் போர்க்கைதி முகாம் அதன் எல்லைக்கு வெளியே நின்றது. எல்லையை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தே யார் கண்ணில் படுவார்கள், யார் படமாட்டார்கள் என்பது அமைகிறது. மருதன் அவர்களோடு நான் வாதிடுவதும் இதைத்தான்.

கைதிகள் வந்திறங்கிய சரக்கு மேடையும் பாசறைக்கு உரியதே. பயிற்சிக் களத்துக்குத் தளவாடம் இறக்கக் கட்டிய இரயில் மேடை அது. முகாமிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். முதலில் போர்க்கைதிகள், பிறகு நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் இடைத்தங்கல் முகாமிலிருந்து அனுப்பப்பட்ட யூதக் குடும்பங்கள், எல்லாரும் அங்கே இறங்கி ஊர்ப் பாதையில் நடந்தார்கள். போருக்குப் பின் அதே மேடையில் நேட்டோ டாங்கிகள் ஏறி இறங்கின. பக்கத்தில் பழைய சரக்குப் பெட்டி ஒன்றை நினைவாக நிறுத்தியிருக்கிறார்கள்.

நிலவரையாள்

களத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் ஓர் இடைக்குறிப்பு. சுடுகளத்தின் நடுவே 'ஏழு கல்வீடுகள்' என்று அழைக்கப்படும் பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. எண்ணினால் ஐந்துதான் தேறும். சுடும் பயிற்சி இல்லாத வார இறுதிகளில் பொதுமக்களை அங்கே அனுமதிக்கிறார்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கற்களைக் குண்டுகளிடமிருந்து காப்பதற்கு மண்மேடு எழுப்பிய இராணுவ அக்கறையை நான் பாராட்டுகிறேன். பாசறைக்குள்ளிருக்கும் 1945ஆம் ஆண்டுக் கல்லறைகளுக்கு வருவோருக்கும் அதே அளவு எளிய வழி இருந்திருந்தால் இந்த இழைக்கே தேவை இருந்திராது.

மருதன்

எழுதும் கட்டுரையை 1935இல் தொடங்கச் சம்மதம். ஆனால் ஒரு நிபந்தனை: 2015இல் முடிக்கக்கூடாது. பிரித்தானியர் போனதற்குப் பின்னும் பாசறை சும்மா இருக்கவில்லை. 2010 அக்டோபரில் இலண்டன் அரசு, ஜெர்மனியிலுள்ள சுமார் 20,000 படையினரை 2020க்குள் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. ரைண்டாலனிலிருந்த பிரித்தானியப் படைத் தலைமையகம் 2013இல் மூடப்பட்டது. ஹோனேயும் ஃபாலிங்போஸ்டலும் 2015இல் காலியாயின. கடைக்காரர்களும் வீட்டு உரிமையாளர்களும் ஊரே வெறிச்சோடிவிடும் என்று அஞ்சினார்கள். அந்த ஜூன் மாதத்தில் எலிசபெத் அரசியார் பெர்கன்-பெல்சன் நினைவகத்துக்கு வந்து மலர்வளையம் வைத்தார்.

வடபுலத்தான்

நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. பிரித்தானியர் வெளியேறிய அதே 2015இன் இலையுதிர் காலத்தில், சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஏதிலிகள் பெருந்திரளாக வந்தபோது, லோயர் சாக்சனி அரசு ஹோனேயிலும் ஓயர்பெகவிலும் காலியான படைக் கட்டடங்களை அவசரத் தங்குமிடங்களாகத் திறந்தது. 1950இல் இடம்பெயர்ந்தோர் வெளியேறிய வளாகத்துக்குள் 65 ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் குடும்பங்கள் மூட்டைகளோடு வந்து சேர்ந்தன.

அதன்பின் கட்டடங்கள் ஜெர்மானியப் படைக்கே திரும்பின. பெயரும் நீடர்சாக்சன் பாசறை என்று மாறியது. அங்கே இன்று இருப்பது 414ஆம் டாங்கிப் படைப்பிரிவு, ஜெர்மானியரும் டச்சுக்காரரும் சேர்ந்த கூட்டுப் பிரிவு. நெதர்லாந்து 2011இல் செலவைக் குறைக்கத் தன் டாங்கிகளைக் கைவிட முடிவெடுத்து, பின்னர் மிஞ்சியவற்றில் பெரும்பகுதியை ஃபின்லாந்துக்கு விற்றுவிட்டது. டாங்கி ஓட்டும் திறன் முழுதும் அற்றுப்போகாமலிருக்க இந்தக் கூட்டுப் பிரிவில் டச்சு வீரர்களைச் சேர்த்தார்கள். 1944இல் வெஸ்டர்போர்க்கிலிருந்து டச்சுக் குடும்பங்களை ஏற்றிவந்த இரயில்கள் நின்ற களத்தில் இப்போது டச்சு வீரர்கள் ஜெர்மானியரோடு ஒரே படைப்பிரிவில் பணி செய்கிறார்கள். பிரித்தானியக் காலத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்தால் இதை எழுத இடமே இராது.

கயல்

அப்படியானால் கட்டுரையின் பகுப்பைக் குடியிருந்தோரின் வரிசையில் அமைக்கலாமா? வெளியேற்றப்பட்ட ஊர்க்காரர்கள், வேர்மாஹ்ட், டோரா கைதிகள், நோயாளிகள், யூத இடம்பெயர்ந்தோர், பிரித்தானியக் குடும்பங்கள், சிரிய ஏதிலிகள், டச்சு-ஜெர்மானிய வீரர்கள் என்று. பிரித்தானியக் காலத்துக்கான பகுதியை மருதன் ஐயா எழுதட்டும், அது நீளமாகவே இருக்கட்டும். சோவியத் கைதிகள் பாசறைக்குள் குடியிருந்தவர்கள் அல்லர் என்றாலும் அவர்களை முதல் பகுதியிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மருதன்

சேர்க்கலாம். நான் 1950 முதல் 2015 வரையிலான பகுதியை எடுத்துக்கொள்கிறேன். சோல்டாவ்-லூனபர்க் உடன்பாட்டை மட்டும் தனித் தலைப்பில் எழுத இடம் வேண்டும். இடம்பெயர்ந்தோர் காலத்தை நிலவரையாள் அவர்களும், 1935 முதல் 1945 வரை வடபுலத்தான் அவர்களும் எழுதினால், 2015க்குப் பிந்தையதைக் கயல் பார்த்துக்கொள்ளட்டும்.